மோன் ரெப்போவில் டல்கார்னோ குடியிருந்தாரா?

நாற்பத்தோரு வருடம் பல் வைத்தியம் பார்த்தவன் நான். அத்தனை வருடத்தில் ஒருவருடைய நரம்பைக்கூடத் தவறித் தொட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நவம்பர் சனிக்கிழமை காலை, ஏணியில் ஏறி, ஆர்லெத் ஒஸ்மோன் வீட்டு முகப்புச் சுவரில் நான் போட்ட முதல் துளை நேராகத் தண்ணீர்க் குழாய்க்குள் போயிற்று.

தண்ணீர் முதலில் என் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. பிறகு மீசையில். பிறகு கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆர்லெத்தின் தலையில். புத்தியுள்ளவன் இறங்கிப் போய்த் தண்ணீரை அடைத்திருப்பான். நான் ஓட்டைக்குள் விரலை விட்டேன். தொழில் பழக்கம். விரலை விட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல, வாயை மட்டும் மூடாதீங்க" என்று வேறு சொன்னேனாம். ஆர்லெத் அப்படிச் சொல்கிறாள். நான் மறுக்கிறேன்.

"டாக்டர், நரம்பைத் தொட்டுட்டீங்க போலிருக்கே," என்றாள் அவள், நனைந்தபடி.

"சின்னக் கசிவுதான் மதாம்."

"சின்னதுதான். சாப்பாட்டு அறையில இப்ப மீன் வளர்க்கலாம்."

என் அக்குளில் இடுக்கியிருந்த பளிங்குப் பலகை மட்டும் கீழே விழவில்லை. விழுந்து உடைந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். அதில் இப்படிச் செதுக்கியிருந்தது: 'ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஹெக்டர் டல்கார்னோ 1927 முதல் 1931 வரை இந்த வீட்டில் வாழ்ந்து எழுதினார்.'

பலகைக்கு ஏன் அவசரம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மார்க்வில் ஓர் உல்லாசக் கடற்கரை ஊர் என்று ஊர் எல்லையில் நகராட்சி எழுதி வைத்திருக்கிறது. வருடத்தில் ஆறு வாரம் அது உண்மை. மீதி நாற்பத்தாறு வாரம் மழை உல்லாசமாக இருக்கும், நாங்கள் உள்ளே இருப்போம். இந்த நிலையை மாற்ற மேயர் ரெஜிஸ் வோத்தியே ஒரு கடல்நீர்ச் சிகிச்சை நிலையம் கொண்டுவந்தார். பாரிஸிலிருந்து வருகிறவர்களை அங்கே கடற்பாசியில் சுற்றிப் படுக்க வைப்பார்கள். அவர்களும் அதற்காக நன்றி சொல்வார்கள். பாசியில் சுற்றிக்கொள்ள வருகிறவர்கள் நடந்து வருவார்களா? கார் நிறுத்த இடம் வேண்டும். மேயரின் விரல் வரைபடத்தில் ஊர்ந்து, மேட்டுத் தெருவில் இருக்கும் 'வில்லா மோன் ரெப்போ'வின் மேல் போய் நின்றது. 'என் ஓய்வு' என்று பெயருள்ள அந்த மூன்று மாடி வீடு ஆர்லெத்துடையது. அதில் ஏழு அறைகளை ஈஸ்டரிலும் கோடையிலும் வாடகைக்கு விட்டு அவள் பிழைக்கிறாள். வீட்டை நகராட்சியே எடுத்துக்கொள்ளப் போவதாக செப்டம்பரில் கடிதம் வந்தது. மார்ச் மாதக் கூட்டத்தில் கை தூக்கிவிட்டால் ஏப்ரலில் இடிக்கலாம்.

எங்கள் நாட்டில் மனிதர்கள் குடியிருக்கும் வீட்டை இடிக்க ஒரு கையெழுத்து போதும். ஓர் எழுத்தாளர் குடியிருந்த வீட்டை இடிக்க வேண்டுமென்றால் அந்த எழுத்தாளரே எழுந்து வந்தாலும் முடியாது. பழைய கட்டடங்களைக் காக்கும் ரூவான் நகரத்து அலுவலகம் அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அதன் கதவுக் கைப்பிடியை மாற்றவும் மூன்று படிவம் நிரப்ப வேண்டும். ஆகவே எனக்கு அவசரமாக ஓர் எழுத்தாளர் தேவைப்பட்டார்.

நான் 'பழைய மார்க்வில்லின் நண்பர்கள்' சங்கத்தின் தலைவர். மொத்தம் ஒன்பது உறுப்பினர்கள். கூட்டத்துக்கு வரும் நிலையில் இருப்பவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் நாயோடு வருவார். டல்கார்னோவைத் தேடும் தீர்மானத்தை நாயும் எதிர்க்கவில்லை.

டல்கார்னோ அபர்தீன்காரர். ஒரு தட்டச்சு இயந்திரத்தோடும் இரண்டு பெட்டிகளோடும் 1927இல் எங்கள் ஊருக்கு வந்தார். ஏன் வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இங்கே இருந்தபோது அவர் எழுதிய நாவலில் ஒருவன் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்காருகிறான். அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தபால்தலை இல்லை என்று கண்டுபிடிக்கிறான். நான் அதை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறையும் தபால்தலை கிடைக்கவில்லை. தன் தங்கைக்கு அவர் எழுதிய நாற்பத்து மூன்று கடிதங்களும் புத்தகமாக வந்திருக்கின்றன. எங்கள் மழை, எங்கள் சூப், எங்கள் கோயில் மணி, எங்கள் முகங்கள் என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஊரைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, இங்கிருந்து பாரிஸ் போகும் ரயில் நேரத்துக்குக் கிளம்புகிறது என்பதுதான். ஆனால் நாற்பத்து மூன்று கடிதத்தின் தலையிலும் ஒரே முகவரி: வில்லா மோன் ரெப்போ, மார்க்வில். எனக்கு அது போதும்.

இதெல்லாம் பழைய மார்க்வில்லைக் காப்பாற்றத்தான் என்று சங்கத்தின் சார்பில் சொல்லிக்கொண்டேன். என் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. அந்த வருடக் கடைசியில் ஆர்லெத் ஒரு வியாழக்கிழமை பல்வலி என்று கூப்பிட்டாள். பல்லைப் பார்த்தேன். மதியம் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். பல் ஒரு வாரத்தில் சரியாயிற்று, வியாழக்கிழமை நிற்கவில்லை. ஆர்லெத் இல்லாத ஒரு வியாழக்கிழமை மார்க்வில்லில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், யோசனையை மேலே கொண்டுபோக முடியவில்லை. இதை அவளிடம் வாயால் சொல்வதைவிடப் பளிங்கில் செதுக்குவது எனக்கு எளிதாக இருந்தது. மனதுக்குள் அவள் ஆர்லெத். வாயில் ஆறு வருடமாக 'மதாம்' தான்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். குழாய்க்காரர் வந்து அடைத்தார். சாப்பாட்டு அறையில் சுவர்த்தாள் ஊறிப் புடைத்து, ஓர் ஆள் உயரத்துக்கு உரிந்து தொங்கியது. ஆர்லெத் வாளி எடுக்கப் போயிருந்தாள். நான் அந்தத் தாளைப் பதமாக நீக்கிப் பார்த்தேன். சுண்ணாம்பின்மேல் பென்சில் எழுத்து. சுவர்த்தாள் ஒட்டுகிறவர்கள் ஒட்டுமுன் சுவரில் பெயரும் தேதியும் எழுதிவிடுவார்கள். இனி நூறு வருடத்துக்கு யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் மனதில் இருப்பதையும் எழுதுவார்கள். இவர் எழுதியிருந்தது: 'புது வீடு, முதல் தாள். சுவர் இன்னும் காயவில்லை. சொன்னால் முதலாளி கேட்கவில்லை. 1934 ஏப்ரல், லெமோனியே.'

நான் கணக்கில் மட்டம்தான். ஆனாலும் 1931இல் ஊரைவிட்டுப் போனவர் 1934இல் கட்டிய வீட்டில் குடியிருக்க முடியாது என்பது எனக்கும் எட்டியது.

ஆர்லெத் வாளியோடு வந்தாள். நான் சட்டென்று திரும்பி முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டேன். ஈரம் சட்டைக்குள் இறங்கியது.

"சுவரு விழாது டாக்டர். விலகுங்க."

"இருக்கட்டும் மதாம். கொஞ்சம் இளைப்பாறிக்கறேன்."

"நாற்காலி இருக்கு."

"சுவரே சுகமா இருக்கு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. அன்று சாயங்காலமே பசை காய்ச்சி, அந்தத் தாளை நானே திரும்ப ஒட்டிவிட்டேன். ஆறு சுருக்கம் விழுந்தது. பளிங்குப் பலகையை மார்ச் மாதம் ரூவான் அதிகாரிகள் வரும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று அவள் வீட்டு அலமாரியில் படுக்க வைத்தேன். ரூவானுக்கு மனுவும் போட்டாயிற்று. பொய் சொல்கிறோமே என்று உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. வியாழக்கிழமைகளில் மட்டும் உறுத்தவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. ரூவான்காரர்கள் கடிதத்தலைப்பை மட்டும் நம்பமாட்டார்கள். ஊரில் யாராவது ஒருவர், "ஆமாம், எங்க அப்பா பார்த்திருக்கார்" என்று சொன்னால் போதும்.

இங்கேதான் என் விதி விளையாடியது. எங்கள் நார்மண்டிக்காரர்களிடம் நேரான பதில் வாங்கிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. மழை பெய்கிறதா என்று கேளுங்கள். சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே, "பெய்யற மாதிரியும் இருக்கு, விட்ட மாதிரியும் இருக்கு" என்பார்கள். மதில்மேல் பூனை எங்கள் ஊருக்கு வந்தால் இறங்கி எங்களுக்கு இடம் விடும். இதில் என் தொழில் வேறு சேர்ந்துகொண்டது. நாற்பத்தோரு வருடமாக நான் கேள்வி கேட்டபோதெல்லாம் எதிராளியின் வாயில் என் இரண்டு கையும் இருந்தன. "ஆ, ஆ" என்பதையே பதிலாக எடுத்துக்கொண்டு பழகியவன்.

மீன்சந்தையில் ஓடிலைப் பிடித்தேன். எண்பது வயது, பதினாறு பல், அத்தனையும் எனக்கு அறிமுகம். அவளுடைய அம்மா அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் துணி வெளுத்தவள்.

"ஓடில், அந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு உங்க அம்மாதானே துணி வெளுத்தாங்க?"

"எங்க அம்மா யாருக்குத்தான் வெளுக்கல, டாக்டரே."

"அவரு எந்த வீட்டுல இருந்தாரு?"

"வீட்டுலதான் இருந்திருப்பாரு."

"மோன் ரெப்போவா?"

"மோன் ரெப்போன்னுதான் சொல்லிக்குவாங்க."

"அப்ப மேட்டுத் தெருதான்!"

"மேட்டுத் தெருன்னு நான் சொல்லலியே."

"மோன் ரெப்போ மேட்டுத் தெருவுலதானே இருக்கு?"

"இப்ப இருக்கு," என்றாள் ஓடில், ஒரு திருக்கை மீனைத் தாளில் சுற்றிக்கொண்டே. "இதை எடுத்துக்கோங்க, இன்னிக்குப் பிடிச்சது."

"இன்னிக்கா?"

"இன்னிக்குன்னும் சொல்லலாம்."

'இப்ப இருக்கு' என்றாளே, அங்கேயே என் மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். எனக்குத் திருக்கை மீன் பிடிக்காது என்பதை எப்படிச் சொல்வது என்ற யோசனையில் அதைத் தவறவிட்டேன். மீனையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆர்லெத்திடமும் கேட்டேன். கேட்காமல் இல்லை. ஒரு வியாழக்கிழமை, அவள் அடுப்பிலிருந்து பாலில் அரிசி வேகவைத்த சட்டியை இறக்கும்போது, "டல்கார்னோ இங்கதானே இருந்திருக்கணும், மதாம்?" என்றேன்.

"கடிதத்துல அப்படித்தானே போட்டிருக்கு," என்றாள். ஏடு படிந்த ஓரத்தை என் தட்டில் வைத்தாள். அந்த ஓரம் எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைத் தவிர எனக்கு என்ன தெரிய வேண்டியிருந்தது?

பிப்ரவரியில் என் வீட்டுப் பரணைக் குடைந்தேன். எனக்கு முன்னால் அதே வீட்டில் பல் வைத்தியசாலை நடத்தியவருக்கும் முன்னால் பூர்தோன் என்று ஒருவர் நடத்தினார். அவருடைய நோயாளிகளின் அட்டைகள் பதினோரு செருப்புப் பெட்டியில் இருந்தன. வீங்கிய தாடையோடு கடிதம் எழுதுவதாக டல்கார்னோ ஒரு முறை தங்கையிடம் புலம்பியிருந்தார். மார்க்வில்லில் தாடை வீங்கினால் வேறு எங்கே போவது? நான்காம் பெட்டியில் கிடைத்தது. எலி கடித்த மூலையோடு ஓர் அட்டை, பல்வரிசைப் படம், அதில் ஒரு பல்லின்மேல் குறுக்குக்கோடு. கீழே பூர்தோனின் கையெழுத்து:

'டல்கார்னோ, ஹெ. கடற்கரைத் தெரு 14, இரண்டாம் மாடி. 1929 பிப்ரவரி. கீழ் இடது கடைவாய். நடக்க முடியாத வீக்கம் என்றார், வீட்டுக்கே போனேன். பிடுங்கினேன். கத்தினார். மீன்சந்தையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.'

டல்கார்னோவின் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தைவிட இந்த நாலு வரி எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மனிதன் கத்துகிறான், ஊர் நிமிர்ந்து பார்க்கிறது. முதல் முறையாக அந்த ஆள்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது.

பிறகுதான் முகவரியைத் திரும்பப் படித்தேன். கடற்கரைத் தெரு 14. அது எங்கள் மேயரின் வீடு.

குடையைக்கூட எடுக்காமல் போனேன். வாசல் தூணில் இப்போது 'லெ கோயெலாந்' என்று பித்தளையில் பெயர். அதற்குக் கீழே, சுண்ணாம்புக்கு அடியில், செவ்வக வடிவில் நான்கு வட்டத் தழும்புகள். நாற்பத்தோரு வருடம் ஓட்டை அடைத்தவன் கண்ணுக்கு அடைத்த ஓட்டை தப்புமா? அதுவும் இவ்வளவு மோசமாக அடைத்தது. நான்கு திருகாணி ஓட்டைகள். ஓர் எனாமல் பலகையின் அளவு.

அப்போதுதான், பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியவந்தது. எங்கள் ஊரில் வில்லாவை விற்கிறவர்கள் பெயரை விற்கமாட்டார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றி, துணியில் சுற்றி, அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டிக்கொள்வார்கள். தபால்காரர் ஒரு மாதம் திட்டுவார், பிறகு பழகிவிடுவார். என் சொந்தச் சித்தப்பா ஒரே பெயரை மூன்று வீடுகளில் மாட்டியவர். ஆர்லெத்தின் தாத்தா கடற்கரைத் தெரு வீட்டை விற்றுவிட்டு மேட்டுத் தெருவில் புது வீடு கட்டியபோது மோன் ரெப்போவும் மேடு ஏறிவிட்டது. வெளியூர்க்காரன் ஏமாந்தால் அர்த்தம் உண்டு. சங்கத் தலைவர் ஏமாந்தால் அவருக்குப் பளிங்குப் பலகை வைக்க வேண்டும்.

வாசலில் ஒரு வேன் நின்றது. இரண்டு பேர் பிளாஸ்டிக் ஜன்னல் சட்டங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் மேயர், கழுத்தில் கைத்துண்டோடு, மென்றுகொண்டே வந்தார். ஆறு வயதில் என் விரலைக் கடித்தவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சுதந்திரம் எனக்கு உண்டு.

"ரெஜிஸ், இந்த வீட்டை உங்க குடும்பம் யார்கிட்ட வாங்கினாங்க?"

"வித்தவங்ககிட்டதான் டாக்டர்."

"தூண்ல நாலு ஓட்டை அடைச்சிருக்கே."

"தூண்னா ஓட்டை இருக்கத்தானே செய்யும்."

"முன்னாடி என்ன பலகை இருந்துச்சு?"

"இருந்திருக்கலாம். எங்க அப்பாதான் அடைச்சார். ஏன்னு நான் கேக்கல."

அட்டையை நீட்டினேன். அவர் படித்தார். மாடி பால்கனியை ஒரு முறை பார்த்தார். பிறகு தெருவுக்கு அப்பால் மீன்சந்தையைப் பார்த்தார். மறுபடி படித்தார். ஊசியைப் பார்த்த நோயாளியின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"டாக்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்த ஆள் இங்கதான் இருந்தார்னா, ரூவான்காரங்க..."

"பட்டியல்ல சேர்த்துருவாங்க."

"ஜன்னல்?"

"மரச் சட்டம்தான் வைக்கணும். பழைய மாதிரியே. பின்பக்கம் கண்ணாடி அறை கட்டப் போறதா சொன்னியே, அது நடக்காது. வருஷத்துக்கு ரெண்டு நாள் ஜனங்களை உள்ள விடணும். உன் படுக்கையறையில நின்னு போட்டோ எடுப்பாங்க."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"பூர்தோனுக்கு. அவர் இறந்து ஐம்பது வருஷமாச்சு."

மேயர் மெல்லுவதை நிறுத்தினார். "பாருங்க டாக்டர், கார் நிறுத்தற இடத்தைப் பழைய சரக்குக் கொட்டகைப் பக்கம் போடலாம்னு ஒரு யோசனை ரொம்ப நாளா இருக்கு."

"எவ்வளவு நாளா?"

"இப்ப ரெண்டு நிமிஷமா."

"அப்ப மோன் ரெப்போ நிக்கும்?"

"நிக்காதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"செப்டம்பர்ல எழுதிக் கொடுத்திருக்கே."

"அது எழுத்துதானே டாக்டர்."

"அப்ப இதையும் எழுதிக் கொடு."

கொடுத்தார். சமையலறை மேசையில், நகராட்சித் தாளில், முத்திரையோடு. வில்லா மோன் ரெப்போ நகராட்சிக்குத் தேவைப்படவில்லை. நான் என் பங்குக்கு ரூவானுக்குப் போட்ட மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்திட்டேன். டல்கார்னோ மார்க்வில்லில் எந்த வீட்டிலும் குடியிருந்ததாகச் சான்று இல்லை என்று அதில் ஒரு வரி. மேயர்தான் அந்த வரியைச் சொன்னார், நான் நிறுத்தற்குறி போட்டேன். அட்டை என் சட்டைப்பைக்குள் போனது.

இப்படியாக, 1931இல் தானாகவே கிளம்பிப்போன மனிதரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊரைவிட்டுத் துரத்தினோம். நாலு வருடம் எங்கள் சூப்பைக் குடித்தவர். கடைவாய்ப் பல்லையும் எங்களிடமே விட்டுப்போனவர். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. தெருமுனை வரை இருந்தது.

அன்று வியாழக்கிழமை. மேட்டுத் தெருவை நான் ஏறிய வேகத்துக்கு என் இதய வைத்தியர் சாட்சியாக இருந்திருந்தால் அங்கேயே என் மரணச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருப்பார். சமையலறையில் ஆர்லெத் இல்லை. மேலேயிருந்து குரல் வந்தது: "மூணாவது மாடியில இருக்கேன் டாக்டர். வரணும்னா வாங்க, இல்லன்னா சட்டியைப் பார்த்துக்கோங்க."

ஏறினேன். இரண்டாம் மாடியில் ஒரு முறையும் மூன்றாம் மாடிக்கு முந்திய திருப்பத்தில் ஒரு முறையும் நின்றேன். அவள் ஈஸ்டருக்கு வருகிறவர்களுக்காகப் படுக்கைகளைத் தயார் செய்துகொண்டிருந்தாள். கக்கத்தில் ஒரு கட்டு விரிப்பு, வாயில் ஓர் ஊக்கு. முழங்காலில் துணிப்பட்டை சுற்றியிருந்தது.

"மதாம்," என்றேன் மூச்சு வாங்க. "வீடு உங்களுக்கே. இடிக்க மாட்டாங்க. எழுத்துல இருக்கு."

கடிதத்தை வாங்கினாள். ஜன்னலோரம் போய்ப் படித்தாள். மேயரிடமிருந்து எப்படி வாங்கினேன் என்று நான் ஒன்று விடாமல் சொன்னேன். அட்டை, தூண், நாலு தழும்பு, பிளாஸ்டிக் ஜன்னல். என் பங்கைக் கொஞ்சம் பெரிதாகவே சொன்னேன். அவள் இரண்டு இடத்தில் சிரித்தாள். பிறகு கடிதத்தை நாலாக மடித்து, விரிப்புக் கட்டுக்குள் செருகினாள்.

"நல்லது," என்றாள்.

ஐந்து மாத உழைப்புக்கு இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

"இந்த வீடு முப்பத்து நாலுல கட்டினதுன்னு உங்களுக்கும் தெரியவேண்டாம்னுதான் மதாம், அன்னிக்குச் சுவர்ல..."

"எங்க தாத்தா கட்டின வீடு எந்த வருஷம்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா?"

"லெமோனியே எழுதினதையும் அன்னிக்கே பார்த்தேன். உங்க முதுகு அவ்வளவு அகலம் இல்ல டாக்டர்."

"அப்ப ஏன் சொல்லல?"

"பளிங்குப் பலகையோட வந்து நின்னீங்க. மீசையெல்லாம் சீவிக்கிட்டு. எப்படிச் சொல்றது?" விரிப்பின் ஒரு முனையை உதறினாள். பழக்கத்தில் நான் மறுமுனையைப் பிடித்தேன். இருவரும் மெத்தைக்கடியில் செருகினோம். என் பக்கம் கோணியது. அவள் வந்து அதையும் சரிசெய்தாள். பிறகு, வாடகைக்காரர் படுக்கையில் ஒருபோதும் உட்காராத ஆர்லெத், அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு மாசமா ஊரே கேட்டுச்சு, டல்கார்னோ இங்க இருந்தாரா, டல்கார்னோ இங்க இருந்தாரான்னு," என்றாள் முழங்காலைத் தேய்த்தபடி. "மீன்காரி கேட்டா, பாதிரியார் கேட்டார், நாய் வச்சிருக்காரே உங்க சங்கத்துக்காரர், அவரும் கேட்டார். நான் இங்க இருக்கணுமான்னு ஒருத்தரும் கேக்கல."

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தது. விட்ட மாதிரி ஒன்றும் இல்லை, பெய்தது. செப்டம்பரில் நகராட்சிக் கடிதம் வந்த அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். நான் பார்க்கவே இல்லை. மேசையைக் குத்தி, மேயரைத் திட்டி, எழுத்தாளர் யாராவது கிடைப்பாரா என்று அங்கேயே பட்டியல் போட ஆரம்பித்திருந்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதை ஏன் ஐந்து மாதமாகக் கேட்கவில்லை என்பதும் அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. பதில் எனக்குச் சாதகமாக இருக்காது என்று என் எலும்பு ஒன்றுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

என் கை இரண்டும் சும்மா இருந்தன. அவள் வாய் காலியாகத்தான் இருந்தது.

"ஆர்லெத்," என்றேன். அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்ததில் இருவருக்குமே ஆச்சரியம். "இந்த வீடு உங்களுக்கு வேணுமா?"

"வேண்டாம்," என்றாள். "ஐம்பத்திரண்டு படி டாக்டர். முப்பத்தெட்டு வருஷமா அடுத்தவங்க படுக்கை. இடிக்கட்டும். எனக்கு லெ ஆவ்ர் நகரத்துல ரெண்டு அறை போதும், லிஃப்ட் இருக்கணும், கடல் தெரியவே கூடாது."